ஏழாம் பகுதியில் வந்த முகம்

14.06.2025, சனி

கண்டாவளையில் கலியாணம். விடியவே போய்விட்டேன். மணப்பெண்ணுக்கு முகம் முழுக்க வியர்வை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு காற்றாடி. அதையும் பெரியம்மா ஒருவர் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அசையவில்லை. மூன்று தடவை பூசி மூன்று தடவை துடைத்தேன். கடைசியில் பிள்ளை வடிவாகத்தான் இருந்தாள்.

திரும்பி விசுவமடுவுக்கு வரும் வழியில் தொலைபேசி. கொழும்பிலிருந்து வினோஜா என்று ஒரு பெண். ரீவி நாடகங்களுக்கு ஒப்பனை செய்கிறவ. 'மறுகாய்ச்சல்' என்று ஞாயிறு பின்னேரங்களில் ஒரு தொடர் வரப்போகிறதாம், காய்ச்சலில் செத்தவர்கள் எழும்பி நடக்கிற கதை, அதன் ஏழாம் பகுதியைக் கண்டாவளையில் எடுக்கப் போகிறார்களாம். அறுபது பேரை அப்படி எழும்பி நடக்கிற சொம்பியாக்க வேண்டும், கை காணாது, வருவீர்களா என்று கேட்டா.

நான் மணப்பெண்களைத்தானே அலங்கரிக்கிறனான் என்றேன்.

'அதே கைதான் அக்கா. மற்றப் பக்கமா செய்யணும், அவ்வளவுதான்.'

அப்பாவிடம் சொன்னேன். "செத்த ஆக்களுக்கு எதுக்கடி பவுடர்?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைத் தொடர்ந்து வாசித்தார்.

போகத்தான் போகிறேன். எத்தனை நாளைக்குத்தான் மணப்பெண்களே?

19.06.2025, வியாழன்

பழைய நெல் களஞ்சியத்துக்குள் ஒப்பனை பழக்கினார்கள். கூரை பாதி இல்லை, ஒரே வௌவால் மணம். ரிஷூத் தாளைக் கிழித்துப் பசையில் ஒட்டி, காய்ந்த பிறகு நடுவில் கிள்ளி எடுத்தால் காயம். அதன்மேல் கோப்பித்தூள் தூவினால் பழைய இரத்தம். புது இரத்தத்துக்குச் சீனிப்பாகும் சிவப்பும். எறும்புதான் பெரிய தொல்லை. ஒரு சொம்பியை எறும்பு மொய்த்து, மனுசன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வயலுக்குள் ஓடினார். சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது.

வினோஜா எல்லோருடைய உதட்டுக்கும் நீலம் பூசினா. பார்த்துக்கொண்டு நின்ற நான், "நீலம் இல்லை, தங்கச்சி. சாம்பல். வெடிச்சு, ஓரத்தில உப்புப் பூத்த மாதிரி" என்றேன். ஒருவருக்குச் செய்தும் காட்டினேன்.

அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. 'எங்க அக்கா பழகினீங்க?'

யூடியூப்பில் என்றேன்.

நான் யூடியூப்பில் அப்படி ஒன்றும் பார்த்ததில்லையே. ஏன் அப்படிச் சொன்னேன்?

21.06.2025, சனி

படப்பிடிப்பு முடிந்தது. முதுகு விட்டுப்போய்விட்டது.

கமராவுக்கு மிகக் கிட்டவாக நடந்து போக ஒருவன் வேண்டும் என்று இயக்குநர் தயாபரன் சொன்னார். முகம் தனியாகத் தெரியுமாம். அக்கராயனிலிருந்து வந்த நிருஷன் என்ற பெடியனைப் பிடித்து என் கதிரையில் இருத்தினார்கள். உழவு இயந்திரம் ஓட்டுகிறவன், வாய் ஓயாது. "அக்கா, வடிவாச் சாக்காட்டி விடுங்கோ. ஊரில ஒருத்தரும் கண்டுபிடிக்கக் கூடாது."

கழுத்தில் கடி காயம் மட்டும் போதும் என்றுதான் எனக்குத் தந்த குறிப்புத் தாளில் இருந்தது. நான் அதோடு நிற்கவில்லை. இடது கன்னத்தைப் பஞ்சு வைத்து வீங்கப்பண்ணினேன். உடுப்புக் குவியலுக்குள் ஒரு பழைய பருத்திச் சேலை கிடந்தது. அதில் நீளமாக ஒரு துண்டு கிழித்துத் தலைக்குக் கட்டுப் போட்டேன். தாடையைத் தாங்குகிற மாதிரி நாடிக்குக் கீழால் எடுத்து, காதை மூடி, நெற்றியைச் சுற்றி, வலது புருவத்துக்கு மேலே முடிச்சு. மிச்சத் தலைப்பை உள்ளுக்குச் செருகி விட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. நான் யோசித்துச் செய்யவில்லை. கை தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடியைக் காட்டினேன். நிருஷனின் பகிடி நின்றுவிட்டது.

"அக்கா, இது ஆரோ ஒராளின்ர முகம் போல கிடக்கு."

"சொம்பியின்ர முகம்" என்றேன்.

தயாபரன் வந்து பார்த்துக் கையைத் தட்டினார். நான் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். வெயில்தான்.

30.06.2025, திங்கள்

சோளகக் காற்று. வீட்டு முன்னறையில் இருக்கிற என் சலூன் கடைக்குள் எல்லாம் மண். அப்பா கேட்கிறார்: "உங்கட பேய்ப்படம் எப்ப போடுறாங்கள்?"

24.08.2025, ஞாயிறு

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். 

பின்னேரம் ஆறரைக்கு ஏழாம் பகுதி போட்டார்கள். எங்கள் ரீவிதான் பெரிது என்று அயலெல்லாம் கூடிவிட்டது. கண்டாவளையில் நடித்தவர்களின் சொந்தக்காரரும் இரண்டு மூன்று பேர். குஞ்சு குருமான் எல்லாம் நிலத்தில். வாசலுக்குக் கிட்டக் கதிரை போட்டு இராசேஸ்வரி அன்ரி.

அன்ரி எங்களுக்கு மூன்று வீடு தள்ளி. மீளக்குடியேறின நாளிலிருந்து பழக்கம். தனி ஆள், புருசனும் இல்லை. மகன் தர்சன் 2009இல், கடைசிப் போரில், பதினெட்டு வயதில், மாத்தளன் கடற்கரைப் பக்கம் சனத்துக்குள் காணாமல் போனவன். அவனுடைய படம் ஒன்று வைத்திருக்கிறா, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. மாதம் மாதம் முப்பதாம் தேதி அதைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய், பிள்ளைகளைத் தேடுகிற மற்றத் தாய்மாரோடு வீதியோரம் நிற்பா. அந்தப் படத்தை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

நாடகத்தில் ஒரு தாதி. அவளுடைய தம்பியைத் தேடி நெல் களஞ்சியத்துக்குள் வந்து மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிக்கிறாள். செத்தவர்கள் வாசலால் நுழைந்து அவளைக் கடந்து போகிறார்கள். மூச்சு விட்டால் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிள்ளைகளும் தங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். "அந்தா எங்கட மாமா! மாமா!" என்று ஒரு சத்தம், ஒரே சிரிப்பு. பிறகு நிருஷன் வந்தான். திரை நிறைய அவன் முகம் மட்டும். அப்படியே நின்று, தலையைச் சரித்து, மூட்டைப் பக்கம் பார்க்கிறான்.

கதிரை விழுந்த சத்தம் கேட்டது.

அன்ரி எழும்பி நின்றா. கூப்பிடவில்லை, அழவில்லை. வீட்டுக்குள் வந்த ஒருவனைப் பெயர் சொல்லி மறிப்பதுபோலச் சொன்னா:

"தர்சன்."

பிறகு பிள்ளைகளை மிதித்துக்கொண்டு போய் ரீவியை இரண்டு கையாலும் பிடித்தா. அதற்குள் அவன் போய்விட்டான். வேறு முகங்கள் வந்துகொண்டிருந்தன.

"பிள்ளை, நீதானே இவனுக்குப் பூசினனி? எங்க இருக்கிறான்? சொல்லு. எங்க இருக்கிறான்?"

அது அக்கராயன் பெடியன் அன்ரி, நிருஷன், நிருஷன் என்று எத்தனை தடவை சொன்னேன். கேட்கவேயில்லை. நாலு பேர் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. கூப்பிட்டேன். திரும்பவில்லை.

25.08.2025, திங்கள்

கடை திறக்க முதல் அன்ரி வந்துவிட்டா. நேற்றுப் போட்டிருந்த அதே சேலை.

நான் நிருஷனுக்கு வீடியோ அழைப்பு எடுத்துக் காட்டினேன். பாவம், அவனும் பல் துலக்காமல் வந்து நின்று, "வணக்கம் அம்மா" என்றான். அன்ரி தொலைபேசியை முகத்துக்கு முன்னால் பிடித்து நெடுநேரம் பார்த்தா.

"இவன் இல்லை" என்று சொல்லித் திருப்பித் தந்தா.

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அன்ரி போகவில்லை. வாடிக்கையாளர் இருக்கிற கதிரையில் இருந்தா. கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தா.

"அப்ப அந்தக் கட்டு ஆர் கட்டினது?"

"நான்தான் அன்ரி."

"ஆர் அப்பிடிக் கட்டச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானா..."

"நானா எண்டால்? ஆரும் நாடிக்குக் கீழால கட்டு எடுப்பினமோ? ஆரும் புருவத்துக்கு மேல முடிச்சுப் போடுவினமோ? நான் போட்டனான். அவனுக்கு இடப்பக்கம் காதோட பிஞ்சு போச்சு. சும்மா சுத்தினால் நிக்குதில்லை, வழுக்குது. என்ர சேலையைக் கிழிச்சு, நாடிக்குக் கீழால எடுத்து, நோகாத பக்கமாப் பாத்து இஞ்ச முடிஞ்சனான்." தன் வலது புருவத்தைத் தொட்டுக் காட்டினா. "தலைப்பு கண்ணுக்குள்ள விழுது எண்டவன். உள்ளுக்குச் செருகி விட்டனான்."

அவவின் புருசன் கால் ஏலாமல் பின்னால் கிடந்தாராம். அவரைக் கூட்டிவரப் போயிருக்கிறா. 'இந்த மரத்தடியில இரு, வாறன்' என்று மகனிடம் சொல்லிவிட்டு. வழியெல்லாம் ஷெல் வீச்சு. திரும்பி வர அடுத்த நாள் மத்தியானம் ஆகிவிட்டது. மரம் நின்றது. அவன் இல்லை.

"அந்தக் கட்டை நான் கட்டினது ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஒருத்தருக்கும் சொன்னதுமில்லை. நீ எங்க பாத்தனி?"

தெரியாது அன்ரி என்றேன். குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நிலத்தில் இருந்தேன்.

26.08.2025, செவ்வாய்

தெரியும். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன்.

27.08.2025, புதன்

கடை பூட்டு. எழுதினால்தான் நெஞ்சு ஆறும் போலிருக்கிறது. ஆறுமா?

2009. எனக்குப் பதினைந்து வயது. அம்மா அதற்கு முதல் வருடமே காய்ச்சலில் போய்விட்டா. அப்பா, நான், தம்பி. தம்பிக்கு நாலு வயது. கடற்கரை மணலில் அப்பா பதுங்குவதற்குப் பங்கர் வெட்டி, சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பிச் சுற்றி அடுக்கியிருந்தார். பக்கத்தில் தலையில்லாத பனை ஒன்று. தம்பிக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. எங்களிடம் ஒரு போத்தலில் அரைவாசித் தண்ணீர் இருந்தது. கிணற்றடிக்குப் போனவர்கள் திரும்பி வராததால் அதற்குமேல் ஒருவரும் போகவில்லை.

மத்தியானம் போல ஒருவன் நடந்து வந்தான். தனியாக. கட்டுப் போட்ட தலை. ஒரு பக்க முகம் வீங்கி, கண் மூடியிருந்தது. பங்கர் வாசலுக்கு முன்னால் அந்தப் பனையில் சாய்ந்து இருந்தான்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி இருக்குமோ?"

அப்பா உள்ளேயிருந்து, "தம்பிக்கு வேணும்" என்று மெல்லச் சொன்னார்.

போத்தல் என் மடியில் இருந்தது. சட்டையால் அதை மூடினேன். "இல்லை அண்ணா" என்றேன்.

அவன் கண்டவன். நான் மூடினதைக் கண்டவன். கண்டும், "பரவாயில்லை" எண்டு சொன்னவன்.

பிறகு ஷெல் வரத் தொடங்கியது. உள்ளுக்குப் போய்ப் படுத்தோம். பொழுது படுகிற நேரம் சத்தம் கொஞ்சம் நின்றது. வாசலால் பார்த்தேன். அவன் அதே இடத்தில், அப்படியே சாய்ந்தபடி. ஒரு கண் திறந்திருந்தது. உதடு சாம்பல். ஓரத்தில் உப்பு. எனக்கு வேறு பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. பங்கர் வாசல் எவ்வளவு? அந்த அளவுக்குள் அவன் முகம் மட்டும்தான் தெரிந்தது. இருட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிய, அப்பாவும் இன்னொருவரும் கொண்டுபோய் மணலில் குழி வெட்டித் தாட்டார்கள். அதற்கு அடுத்த நாள் நாங்களும் அங்கிருந்து வெளிக்கிட்டுவிட்டோம்.

பதினாறு வருடம் இதை நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பஞ்சையும் பசையையும் கையில் தந்ததும் ஒரு மணித்தியாலத்தில் அவனை எழுப்பி நடக்க விட்டுவிட்டேனே. ரீவியில். அவன்ர தாய்க்கு முன்னால.

மூன்று வீடு தள்ளி. கடவுளே, மூன்று வீடு தள்ளி.

29.08.2025, வெள்ளி

அப்பாவிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ரீவியில கண்ட உடனே தெரிஞ்சது" என்றார்.

"அது தர்சன் எண்டு தெரியுமோ, அப்பா? இவ்வளவு வருசமும் தெரியுமோ?"

"தெரியாது, தர்மிளா. சத்தியமாத் தெரியாது. அவா வைச்சிருக்கிற படத்தில வெள்ளைச் சட்டையோட ஒரு பள்ளிக்கூடப் பெடியன். நான் தாட்டது... அந்த முகம் அப்பிடி இல்லை. பேரையாவது கேட்டிருக்கலாம். இருந்தான்தானே, பின்னேரம் வரைக்கும் உயிரோட இருந்தான்தானே. ஒரு பேர் கேட்க எவ்வளவு நேரம் செல்லும்?"

அப்பா அழுது நான் கண்டதில்லை. அம்மா செத்தபோதுகூட. சோற்றுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

31.08.2025, ஞாயிறு

சொல்லிவிட்டோம்.

நானும் அப்பாவும் போனோம். அன்ரி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. உள்ளுக்கு வரச் சொன்னா, தேத்தண்ணி வைக்கட்டோ என்று கேட்டா.  நான்தான் சொன்னேன். கட்டோடு ஒருவன் வந்தது, எங்கள் பங்கர் வாசலில் இருந்தது, பின்னேரம் உயிர் போனது, அப்பா தாட்டது. ஒவ்வொன்றாக.

தண்ணீரைச் சொல்லவில்லை.

அன்ரி விளக்குமாற்றைக் கையை விட்டு விடவேயில்லை. நான் முடித்த பிறகு கேட்டா:

"இவ்வளவு நாளும் உங்கட வீட்டு ரீவியில நாடகம் பாத்தனான். உன்ர கதிரையில இருந்து கதைச்சனான். அப்பவெல்லாம் நீ ஏன் சொல்லேல்லை?"

"தெரியாது அன்ரி. எனக்கே..."

"பொய். ரெண்டு பேரும் பொய் சொல்லுறியள். அவன் ஆரோடையோ போயிருக்கிறான். காயக்காரரைக் கப்பல்ல ஏத்தினவங்கள். எனக்கு ஆக்கள் சொன்னவை. போங்கோ. படலையைச் சாத்திப்போட்டுப் போங்கோ."

சாத்திவிட்டு வந்தோம்.

09.09.2025, செவ்வாய்

பத்து நாளாக அந்தப் படலை திறக்கவில்லை. காலையில் புகை வருகிறது, அதனால் சமைக்கிறா என்று தெரிகிறது.

தயாபரன் தொலைபேசி எடுத்தார். ஏழாம் பகுதிதான் எல்லாவற்றிலும் அதிகம் பேர் பார்த்ததாம். 'அந்தக் கட்டுப் போட்ட முகத்தைத்தான் அக்கா எல்லாரும் பகிருறாங்கள். அடுத்த பருவத்துக்கு நீங்கள்தான்.'

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.  பிறகு, 'அம்மாவுக்கு நோகுமெண்டால் அந்த எட்டு விநாடியையும் வெட்டிவிடுறன் அக்கா. அவவிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ' என்றார்.

யாரிடம் போய்க் கேட்பது?

14.09.2025, ஞாயிறு

அன்ரி வந்தா.

நான் சின்னப்பிள்ளை ஒன்றுக்குத் தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்தேன். முடியும்வரை வாங்கில் இருந்தா. பிள்ளையின் தாய் போன பிறகுதான் வாய் திறந்தா.

"அவன் ஏதும் கேட்டவனோ?"

கத்தரிக்கோல் கையில். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? அப்பா சொல்லமாட்டார். தம்பிக்கு ஞாபகம் இல்லை. ஒரு சொல்லோடு முடிந்திருக்கும்.

"தண்ணி கேட்டவர்" என்றேன்.

"குடுத்தனியோ?"

"இல்லை."

"இருந்ததோ?"

"இருந்தது. அரைப் போத்தல். இல்லை எண்டு சொன்னனான். சட்டையால மூடினனான், அன்ரி. அவர் கண்டிட்டார். பரவாயில்லை எண்டவர்."

சொல்லிவிட்டேன். அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"உன்ர தம்பிக்கு அப்ப எத்தினை வயசு?"

"நாலு. காய்ச்சல்."

"இப்ப?"

"இருபது. வவுனியாவில, கம்பஸில படிக்கிறான்."

அன்ரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் வெட்டிய மயிர் காற்றில் உருண்டுகொண்டிருந்தது. 

"பரவாயில்லை எண்டு அவன்தான் சொல்லுவான்" என்றா. "வீட்டில சோறு கருகினாலும் அதைத்தான் சொல்லுவான். அது என்ர பிள்ளைதான்."

எழும்பிப் போனா. வாசலில் நின்று, திரும்பாமலே, "உன்ர அப்பாவை ஒரு வான் பிடிக்கச் சொல்லு. இடத்தைக் காட்டட்டும்" என்றா.

20.09.2025, சனி

போய் வந்தோம்.

 மாத்தளன் வந்ததும் அப்பா வானை விட்டு இறங்கி விறுவிறு என்று நடந்தார். பிறகு நின்றார். திரும்பி மற்றப் பக்கம் நடந்தார். பனை இல்லை. ஒரு பனையும் இல்லை. மணல்மேடு இருந்த இடத்தில் வீடுகள். ஒரு வீட்டு வேலிக்குள் மிளகாய்க் கன்றுகள் நின்றன, வலை காய்ந்தது. அப்பா அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு அன்ரியைப் பார்த்தார்.

"இஞ்சதான். இல்லாட்டி அங்கால. எனக்குப் பிடிபடேல்லை, தங்கச்சி. எனக்குப் பிடிபடேல்லை."

வீட்டுக்காரி வெளியே வந்தா. ஹாலிதா என்று பெயர். மனுசன் மீன் வியாபாரம். அவர்களும் ஊரை விட்டுப் போய் இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களாம். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டா. அன்ரி, "மகனை" என்றா. அதற்குமேல் அவ ஒன்றும் கேட்கவில்லை. வேலித் தகரத்தை விலக்கி, "உள்ளுக்கு வாங்கோ, எங்க வேணுமெண்டாலும் நிண்டு பாருங்கோ" என்றா.

அன்ரி மிளகாய்ப் பாத்திக்குப் பக்கத்தில் மணலில் இருந்தா. அப்பா எதிரில் குந்தினார். நான் கேட்டுக்கொண்டு நின்றது இதுதான்.

"ஆழமா வெட்டினியளோ, அண்ணை?"

"ஓம். இடுப்பளவு."

"நாய் கிளறியிருக்குமோ?"

"இல்லை. மேல கல்லு அடுக்கினனான்."

"கண்ணை மூடி விட்டியளோ?"

"மூடினனான்."

"கட்டை அவிட்டனியளோ?"

"இல்லை, தங்கச்சி. அப்பிடியேதான். மேல ஒரு சேலைத்துண்டும் போட்டனான்."

"நல்லது" என்றா அன்ரி. "நல்லது, அண்ணை."

அதற்குப் பிறகுதான் அழுதா. பதினாறு வருடத்து அழுகை எப்படி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை.

வெயில் ஏறிவிட்டது. ஹாலிதா ஒரு பெரிய ஜக்கில் தண்ணீர் கொண்டுவந்தா. அன்ரி வாங்கி மடமடவென்று குடித்தா. பாதியை என் பக்கம் நீட்டினா. எனக்குக் கை வரவில்லை.

"குடி, பிள்ளை. வெயில்."

குடித்தேன்.

வரும் வழியில் தயாபரன் கேட்டதைச் சொன்னேன். அந்த எட்டு விநாடியை வெட்டட்டோ என்று.

"வெட்ட வேண்டாமெண்டு சொல்லு" என்றா. "அவன்ர படம் வேற என்னட்டை ஒண்டுதானே கிடக்கு."

05.10.2025, ஞாயிறு

இராசேஸ்வரி அன்ரி முதல் தடவையாக மகனுக்குத் திவசம் கொடுத்தா. இனி வருடா வருடம் கொடுக்க ஐயர் திதி கேட்டார். அப்பா, "பிறை கீறின மாதிரி இருந்தது, பங்குனி அமாவாசை கழிஞ்சு மூண்டாம் நாள்" என்று சட்டென்று சொன்னார். அதைப் பதினாறு வருடம் வைத்திருந்திருக்கிறார்.

நிருஷன் அக்கராயனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, சொல்லாமலே, தண்ணீர் அள்ளி ஊற்றி, இலை போட்டு, பாத்திரமும் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனான். பகிடி ஒன்றும் விடவில்லை.

17.10.2025, வெள்ளி

அடுத்த பருவத்துக்கு வரமாட்டேன் என்று தயாபரனுக்குச் சொன்னேன். 

30.10.2025, வியாழன்

காலையில் கடை திறக்கும்போது பஸ் தரிப்பிடத்தில் இராசேஸ்வரி அன்ரி. குளித்து, நல்ல சேலை உடுத்து, கையில் பொலித்தீனில் சுற்றிய படம்.  திரும்பவும் நம்பத் தொடங்கிவிட்டாவோ? மாத்தளனில் நடந்ததெல்லாம் மறந்துபோயிற்றோ?

ஓடிப்போய்க் கேட்டேன். "அன்ரி, எங்க போறியள்?"

"முப்பதாந் தேதியெல்லோ."

"இனி ஏன் அன்ரி...?"

பொலித்தீனை விலக்கிக் காட்டினா. தர்சன் இல்லை. இரட்டைப் பின்னலோடு ஒரு பெண்பிள்ளை. "எங்களோட வந்து நிண்ட கமலாசனியின்ர மகள். கமலாசனி போன தையில செத்துப்போனா. இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்க அங்க ஆள் இல்லை. என்ர கை இப்ப சும்மாதானே கிடக்கு."

பஸ் வந்தது. நான் கடைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடி வந்து ஏறினேன்.  அன்ரி தள்ளி இருந்து இடம் விட்டா. கொஞ்சத் தூரம் போனதும் பைக்குள் கை விட்டு இன்னொரு படத்தை எடுத்தா. மீசை அரும்பின ஒருவன், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இவனுடைய தாய்க்கு இப்போது நடக்க முடியாதாம்.

"பேர் பின்னுக்கு எழுதிக் கிடக்கு" என்றா. "ஆரும் கேட்டால் பாக்காமல் சொல்லவேணும். பாடமாக்கு."

பரந்தன் சந்தி வருமுன் பாடமாகிவிட்டது.